முப்பது லைஃப் வாங்கியவரின் புகார்

கேள்வி: குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் செய்கிறேன், வயது 42. போன மாதம் ஆன்லைனில் ஒரு பழைய வீடியோ கேம் பெட்டி வாங்கினேன். உள்ளேயே நூற்றுக்கணக்கான கேம், இரண்டு ஜாய்ஸ்டிக், ஒரு துப்பாக்கி. ஆசையாகக் கான்ட்ரா என்ற சுடும் கேமைப் போட்டு, முப்பது லைஃப் தரும் ரகசியக் கோடு (code) அடித்து, அரை மணியில் முடித்தேன். ஒரு சுகமும் இல்லை. வாத்து சுடும் கேமில் துப்பாக்கி வேலையே செய்யவில்லை. பக்கத்தில் உட்கார்ந்து பார்த்த என் 12 வயசுப் பையன், "இன்னாப்பா, இதுக்கா இவ்ளோ பில்டப்பு?" என்று எழுந்து போய்விட்டான். அந்தக் காலத்து கேமெல்லாம் நிஜமாகவே நன்றாக இருந்தனவா, விவரம் தெரியாத வயசில் நமக்கு அப்படித் தோன்றியதா? இல்லை, இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்குத்தான் பொறுமை இல்லையா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடுவோம். பொறுமையில்லாமல் முப்பது லைஃப் வாங்கியது யார், பையனா நீங்களா? அவன் கையில் ஜாய்ஸ்டிக்கே கொடுக்கவில்லை போலிருக்கிறது. பக்கத்தில் உட்காரவைத்து வேடிக்கை காட்டியிருக்கிறீர்கள். அடுத்தவர் சாப்பிடுவதைப் பார்க்கவைத்து ஆம்பூர் பிரியாணிக்கு மார்க் கேட்டால் யார்தான் போடுவார்கள்?

கான்ட்ராவில் உங்களுக்கு உரியது மூன்று லைஃப். ஒரு குண்டு பட்டால் போச்சு. செத்தால், அதுவரை பொத்திப் பொத்திக் கொண்டுவந்த, விரிந்து சுடும் 'எஸ்' துப்பாக்கியும் போச்சு. அதனால்தான் திரையில் வரும் ஒவ்வொரு சின்னப் புள்ளியையும் கண்கொட்டாமல் பார்த்தோம். முப்பது லைஃப் இருந்தால் எதைப் பார்க்க வேண்டும்? நடந்துகொண்டே செத்து, செத்துக்கொண்டே நடந்து எட்டு ஸ்டேஜையும் தாண்டியிருப்பீர்கள். அந்தக் கோடு எப்படி வந்தது தெரியுமா? 1986-ல் கொனாமி நிறுவனம் கிரேடியஸ் என்ற விமான ஆட்டத்தை வீட்டுப் பெட்டிக்கு மாற்றியபோது, அந்த வேலையைப் பார்த்த கசுஹிசா ஹாஷிமோட்டோவுக்கு அதை ஆடிச் சோதிப்பதே கஷ்டமாக இருந்தது. தனக்காக ஒரு குறுக்குவழி வைத்துக்கொண்டார். அது அப்படியே உள்ளே தங்கி, பிறகு கான்ட்ராவுக்கும் வந்தது. சமையல்காரர் உப்பு பார்க்க வைத்திருந்த கரண்டியில் விருந்தே சாப்பிட்டுவிட்டு, ருசி இல்லை என்கிறீர்கள்.

"அப்போதும் அதே கோடுதானே அடித்தோம்?" என்பீர்கள். அடித்தோம். ஏன் அடித்தோம்? வேலூர் தோட்டப்பாளையத்தில் ஒரு வீட்டு முன்னறையில் நான்கு டி.வி. போட்டு மணிக்குப் பத்து ரூபாய் வாங்கினார்கள். உட்கார்ந்த நேரத்தை டி.வி.க்குப் பின்னால் சுவரிலேயே சாக்பீஸில் எழுதிவிடுவார் கடைக்காரர். கேசட் மக்கர் பண்ணினால் கழற்றி, வாயால் ஊதி, திரும்ப மாட்டுவார். அந்த நேரமும் நம் கணக்கில்தான். (ஊதியதால் எதுவும் சரியாகவில்லை. கழற்றி மாட்டியதில் முனைகள் ஒழுங்காகப் பதிந்தன, அவ்வளவுதான். எச்சில் ஈரம் பட்டு முனை கறுத்ததுதான் மிச்சம்.) ஐந்தாவது ஸ்டேஜில் விரல் நடுங்கும்போது பின்னாலிருந்து குரல் வரும்: "டைம் ஆயிடுச்சி, எய்ந்திரு." அங்கே முப்பது லைஃப் என்றால் காசு மிச்சம். இன்று உங்கள் வீட்டு சோபாவில் உங்களை எழுந்திருக்கச் சொல்ல யாரும் இல்லை. பிறகு எதற்கு அந்தக் கோடு?

அப்புறம் துப்பாக்கி. பாவம், அதைத் திட்டாதீர்கள். விசையை அழுத்தியதும் திரை ஒரு கணம் கறுப்பாகும். வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வரும். துப்பாக்கி எதையும் சுடுவதில்லை, அதன் மூக்கில் இருக்கும் கண், நேர் எதிரே அந்த வெளிச்சம் தெரிகிறதா என்று பார்க்கிறது. பழைய குண்டு டி.வி.யில் அந்த வெளிச்சம் அதே கணத்தில் வந்துவிடும். உங்கள் புது எல்.இ.டி. டி.வி. வருகிற படத்தை வாங்கி, மெருகு போட்டு, கொஞ்சம் தாமதமாகத்தான் காட்டும். அதற்குள் துப்பாக்கி பார்த்து முடித்து, "குறி தப்பிடுச்சு" என்று சொல்லிவிடும். நடுவில், குறி தப்பினால் திரையில் வரும் அந்த நாய் எழுந்து சிரித்திருக்குமே! 1984-ல் வந்த ஆட்டத்தின் மேல் இதில் எந்தக் குற்றமும் இல்லை. கான்ட்ராவில் குதிக்க அழுத்தியும் ஆள் ஒரு மூச்சு தாமதமாகக் குதித்ததாகத் தோன்றியிருந்தால் அதுவும் டி.வி. வேலைதான். செட்டிங்ஸில் 'கேம் மோட்' இருக்கிறதா பாருங்கள்.

சரி, உண்மையிலேயே நன்றாக இருந்தனவா? சில இருந்தன. நிறைய குப்பை. "9999 கேம்" என்று அட்டையில் போட்ட கேசட்டைத் திறந்தால் பதினைந்து இருபது ஆட்டம்தான், பெயரை மாற்றி மாற்றி வரும். அதை மறந்துவிட்டு நல்லதை மட்டும் ஞாபகம் வைத்திருக்கிறோம்.

படம் பழசாவது பெரிய விஷயம் இல்லை. கைக்குப் பணிகிறதா என்பதை வைத்துத்தான் நான் மார்க் போடுவேன். 1985-ல் வந்த சூப்பர் மாரியோ மொத்தமே 40 கிலோபைட். காலையில் உங்கள் மாமா வாட்ஸ்அப்பில் அனுப்பும் ரோஜாப்பூ வணக்கம் பெரும்பாலும் இதைவிடப் பெரிது. இடத்துக்கு அவ்வளவு பஞ்சம் என்பதால், வானத்தில் இருக்கும் மேகமும் தரையில் இருக்கும் புதரும் ஒரே படம், வெள்ளைக்கு பதில் பச்சை பூசியிருப்பார்கள். இன்று போய்ப் பாருங்கள், சிரிப்பு வரும். ஆனால் குதிக்கும் பொத்தானை லேசாகத் தட்டினால் சின்னக் குதி, அழுத்திப் பிடித்தால் பெரிய குதி. ஓடிவந்து குதித்தால் தூரம் கூடும், அந்தரத்திலேயே கொஞ்சம் பின்னால் இழுத்துக்கொள்ளலாம். இதை யாரும் எழுதிக் காட்டவில்லை. முதல் திரையில் ஒரு காளான் ஆசாமி நடந்துவந்து, ஒருமுறை சாகடித்துக் கற்றுக்கொடுத்துவிடும். நாம் ஆட ஆரம்பித்தபோது உங்கள் ஊர் வட ஆற்காடு அம்பேத்கர் மாவட்டம். அப்புறம் வேலூர் மாவட்டம், 2019-ல் அதையும் மூன்றாகப் பிரித்தாயிற்று. மாரியோ குதிக்கும் உயரம் அப்படியேதான் இருக்கிறது.

1989-ல் வந்த பிரின்ஸ் ஆஃப் பெர்சியாவும் எனக்கு அப்படித்தான். அதை உருவாக்கிய ஜோர்டன் மெக்னர் தன் தம்பியை ஓடவிட்டு, குதிக்கவிட்டு, வீடியோ எடுத்து, அதைப் பார்த்து வரைந்தார். அதனால் இளவரசனுக்கு உடம்பின் எடை உண்டு, ஓடினால் சட்டென்று நிற்கமாட்டான். இன்றைய பிள்ளைகள் முதல் ஐந்து நிமிடம் எரிச்சல்படுவார்கள். அறுபது நிமிடத்தில் முடிக்க வேண்டும் என்று தெரிந்ததும் அடி பார்த்து வைக்க ஆரம்பிப்பார்கள்.

தோற்றதும் உண்டு. பிரவுசிங் சென்டரில் நாம் உயிரை விட்ட ரோட் ராஷ் என்ற பைக் ரேஸை (கம்ப்யூட்டருக்கு வந்தது 1996-ல்) போன வருஷம் ஆடிப் பார்த்தேன். பக்கத்து பைக் ஓட்டுகிறவனை உதைக்கும்போது இன்னும் சிரிப்பு வருகிறது. ஆனால் இருப்பது ஐந்தே ரோடு. லெவல் ஏற ஏற அதே ரோடு நீளுமே தவிர வேறொன்றும் நடக்காது. இரண்டாம் நாள் தொடவில்லை. அதே காலத்து முதல் முப்பரிமாண ஆட்டங்கள் பலவும் அப்படித்தான். ஆளைத் திருப்புவது லாங் பஜாரில் லாரியை ரிவர்ஸ் எடுப்பது மாதிரி. சுவருக்குள் போய் ஒளிந்துகொள்ளும் கேமராவை வலது கட்டைவிரலால் திருப்பலாம் என்ற வழக்கமே அப்போது வரவில்லை. இவற்றை நல்லது என்று சாதிக்கிறவர்கள் ஆட்டத்தைப் பற்றிப் பேசவில்லை, தன் பத்தாம் வகுப்பு லீவைப் பற்றிப் பேசுகிறார்கள்.

பழசுக்குப் புதுச் சட்டை மாட்டுவதும் எல்லா நேரமும் உதவாது. 2004-ல் வந்த ஜி.டி.ஏ. சான் ஆண்ட்ரியாஸ் என்ற ஊர் சுற்றும் ஆட்டத்தை 2021-ல் பளபளவென்று திரும்ப வெளியிட்டார்கள். பழைய ஆட்டத்தில் தூரத்தை மறைத்துக்கொண்டிருந்த புகைமூட்டத்தைத் துடைத்தார்கள். மலை மேல் ஏறிப் பார்த்தால் ஆட்டத்தில் வரும் மூன்று நகரமும் பக்கத்துப் பக்கத்துத் தெருவாகத் தெரிந்தது. வேறு கோளாறுகளும் சேர, நிறுவனமே மன்னிப்புக் கேட்டது. மார்கழி விடியலில் நம் வேலூர்க் கோட்டை அகழிக்கரையில் நின்றால் எதிர்க்கரை கண்ணுக்குத் தெரியாது, கடல் மாதிரி இருக்கும். பத்து மணி வெயிலில் அதே இடத்தில் நின்றால் கல்லெறி தூரம். அந்த மூட்டம் பழைய மெஷினின் இயலாமைதான். ஆனால் அதை நம்பித்தான் அந்த ஊரையே பெரிதாகக் கட்டியிருந்தார்கள்.

இப்போது உங்கள் வேலை. வாத்துத் துப்பாக்கியைப் பரணில் போடுங்கள். கான்ட்ராவை மூன்று லைஃபோடு, இரண்டு பேர் ஆட்டமாகப் போடுங்கள். "எங்க காலத்துல" என்று ஆரம்பிக்காதீர்கள், வாயையே திறக்காதீர்கள். மூன்றாவது ஸ்டேஜ் அருவி ஞாபகம் இருக்கிறதா? மேலே ஏறுகிறவன் வேகமாக ஏறினால் திரையும் கூடவே ஏறும். கீழே தங்கியவன் குண்டே படாமல் செத்துப்போவான். எத்தனை வீட்டில் அண்ணன் தம்பி சட்டையைப் பிடித்த இடம் அது! பையனை முன்னால் ஏறவிடுங்கள். நீங்கள் கீழே மாட்டிச் சாகும்போது அவன் சிரிக்கிறானா, போனை எடுக்கிறானா, "இன்னொரு வாட்டிப்பா" என்கிறானா என்று பார்த்து எழுதுங்கள். மூன்றில் எது என்றாலும் அடுத்த இதழில் போடுகிறேன்.