உயிருள்ள பவளம் வளர்க்கும் கடல்நீர்த் தொட்டிக்கு எத்தனை வாட் விளக்கு வேண்டும்?

வாட் கணக்கை முதலில் மறந்துவிடுங்கள். பவளத்தின் திசுவுக்குள் குடியிருக்கும் நுண்பாசிதான் வெளிச்சத்தில் உணவு தயாரித்து அதற்கும் ஊட்டுகிறது. அந்தப் பாசிக்குப் பயன்படும் ஒளியின் அளவைத்தான் 'பார்' (PAR) என்பார்கள். காளான் பவளம் மாதிரி மென்வகைக்கு 50 முதல் 150 பார் போதும். அக்ரோபோரா போன்ற கல் பவளத்துக்கு 200 முதல் 350 வரை வேண்டும். நீலம் தூக்கலான எல்இடி வாங்குங்கள். வெள்ளை வெளிச்சம் பெரும்பாலும் நம் கண்ணுக்காகத்தான்.

அப்புறம், புது விளக்கை முதல் நாளே முழு வீச்சில் எரியவிடாதீர்கள். நான் விட்டேன், பழுப்பாக இருந்த பவளம் ஒரே வாரத்தில் சுண்ணாம்பாக வெளுத்துப்போனது. பாதி வெளிச்சத்தில் தொடங்கி மூன்று நான்கு வாரத்தில் மெல்ல ஏற்றுங்கள். தினமும் 8 முதல் 10 மணி நேரம் போதும். பார் மீட்டர் இரவல் கிடைத்தால் பாறை உச்சியிலும் மணலிலும் வைத்து அளந்து பாருங்கள், வித்தியாசம் திகைக்க வைக்கும்.