நெட் போனாலும் பில் நிற்காமல் மூன்று கடை இருப்பையும் பகிர்வது எப்படி?

கேள்வி: மூன்று ஊர்களில் மருந்துக்கடை வைத்திருக்கிறோம். ஒவ்வொன்றிலும் போஸ்ட்கிரெஸ் தரவுத்தளம் தனித்தனியாக ஓடுகிறது. ஒரு கடையின் இருப்பு மற்ற கடைகளுக்கும் தெரிய வேண்டும். நெட் அடிக்கடி போகும். அப்போதும் பில் போட வேண்டும். எப்படி இணைப்பது?

பதில்: எல்லாவற்றையும் ஒரே சர்வரில் வைப்பதுதான் எளிது. ஆனால் நெட் போனால் பில்லும் நின்றுவிடும். எனவே கடைக்கு ஒரு தரவுத்தளம் இருக்கட்டும். இணைப்பு அறுந்திருக்கும்போது அடுத்த கடையின் பழைய கணக்குதான் தெரியும். இதைத் தவிர்க்க வழியில்லை: கணினி அறிஞர் எரிக் புரூவர் 2000-இல் சொன்னது, 2002-இல் கணித முறையில் நிரூபிக்கப்பட்டது.

பெரும்பாலோர் தவறுவது அட்டவணை அமைப்பில். 'இருப்பு 10' என்ற ஒரே வரிசையை எல்லாக் கடைகளும் திருத்தினால் கணக்கு கெடும். ஒருவர் 3 விற்று 7 என்று எழுதுவார்; இன்னொருவர் 2 விற்று 8 என்று எழுதுவார். சரியான விடை 5. அது எங்குமே இருக்காது. ஆகவே இருப்பைப் பகிராதீர்கள், வரவு செலவைப் பகிருங்கள். கடைக் குறியீடு, வரிசை எண், மருந்து, பேட்ச் எண், எண்ணிக்கை (வரவு +, விற்பனை −), நேரம் என்று ஒரு பதிவேடு போதும். அதில் சேர்க்க மட்டுமே அனுமதி. திருத்தமும் அழிப்பும் கூடாது. தவறான பில்லுக்கு எதிர்ப்பதிவு போடுங்கள். கூட்டினால் இருப்பு வரும். கடை மாற்றும் சரக்குக்கு அனுப்புபவர் −20 எழுதட்டும். பெறுபவர் சரக்கு கைக்கு வந்த பிறகே +20 எழுத வேண்டும்.

முதன்மைச் சாவியாக (ஒவ்வொரு பதிவையும் தனித்து அடையாளம் காட்டுவது) வெறும் வரிசை எண்ணை வைக்காதீர்கள். மூன்று கடைகளிலும் 501 பிறக்கும். மோதியதும் பெறும் பக்கம் பிழை காட்டி அங்கேயே நின்றுவிடும். கடைக் குறியீடும் எண்ணும் சேர்ந்ததே சாவியாக இருக்கட்டும்.

இணைப்புக்கு போஸ்ட்கிரெஸின் லாஜிக்கல் ரெப்ளிகேஷன் (ஒரு தரவுத்தளத்தின் மாற்றங்களை இன்னொன்றுக்கு அனுப்பும் வசதி) போதும். 'வால் லெவல்' (wal_level; 'வால்' என்பது மாற்றங்களைப் பதியும் கோப்பு) அமைப்பை 'லாஜிக்கல்' என மாற்றி சர்வரை மறுதொடக்கம் செய்யுங்கள். ஒவ்வொரு கடையும் தன் குறியீடுள்ள வரிசைகளை மட்டும் பப்ளிகேஷனாக (மற்றவர் பெறுவதற்கான வெளியீடு) வெளியிடட்டும். இந்த வடிகட்டல் போஸ்ட்கிரெஸ் 15-ஆம் பதிப்பிலிருந்து உண்டு. அடுத்த கடையிலிருந்து வந்தது திரும்பிச் சுற்றாததற்கு இதுவே காப்பு. மற்ற இரு கடைகளின் வெளியீட்டையும் பெற ஒரு கடைக்கு 2 சப்ஸ்கிரிப்ஷன், ஆக மொத்தம் 6. மருந்துப் பட்டியலையும் விலையையும் ஒரு கடை மட்டும் எழுத வேண்டும், மற்றவை பெற்றுக்கொள்ளட்டும். போஸ்ட்கிரெஸ் பயன்படுத்தும் 5432 போர்ட்டை இணையத்துக்குத் திறக்காதீர்கள். வயர்கார்டு என்ற விபிஎன் வழியே இணையுங்கள்.

மிகவும் கவனிக்க வேண்டியது டிஸ்க். ஒரு கடை நாள்கணக்கில் துண்டிக்கப்பட்டால், அதற்குப் போக வேண்டிய மாற்றங்களை மற்ற கடைகளின் ரெப்ளிகேஷன் ஸ்லாட்டுகள் (எதுவரை அனுப்பியாயிற்று என்று நினைவில் வைப்பவை) சேர்த்து வைத்துக்கொண்டே இருக்கும். டிஸ்க் நிரம்பினால் நல்ல கடையிலும் பில் நிற்கும். இப்படிச் சேர்வதன் உச்ச அளவான 'மேக்ஸ் ஸ்லாட் வால் கீப் சைஸ்' (max_slot_wal_keep_size) இயல்பாக வரம்பில்லாமல் இருக்கும். டிஸ்க்கைப் பார்த்து 20 ஜிபி போல வரம்பு வையுங்கள். அதைத் தாண்டினால் அந்த ஸ்லாட் செல்லாததாகும், அந்தக் கடைக்கு முழு நகலையும் புதிதாக எடுக்க வேண்டிவரும். டிஸ்க் நிரம்புவதைவிட அது மேல்.

அட்டவணையில் சேர்க்கும் புதிய நெடுவரிசை மற்ற கடைகளுக்குத் தானாகப் பரவாது. பெறும் கடைகளில் முதலில் சேர்த்துவிட்டு, அனுப்பும் கடையில் பிறகு சேருங்கள்.

ஒவ்வொரு கடையும் நிமிடத்துக்கு ஒருமுறை தன் நேரத்தை ஒரு சிறு அட்டவணையில் எழுதி அனுப்பட்டும். திரையில் 'கடைசியாக வந்த நேரம்' என்று இருப்பின் அருகில் காட்டுங்கள். அது பழையதாக இருந்தால் வாடிக்கையாளரை அனுப்பும் முன் போன் செய்து கேட்டுவிடலாம்.