"பாத்துத் தாங்கோ" வேண்டாம், தம்பி

கேள்வி: வீடு வீடாகப் போய் பிரிட்ஜ், வோஷிங் மெஷின் திருத்துகிறேன். போன கிழமை அயலில் ஒரு மாமி வீட்டில் ஒன்றரை மணித்தியாலம் மினக்கெட்டு, ஓடாமல் கிடந்த பிரிட்ஜை ஓட வைத்தேன். மாற்றியது ஒரு ரிலே மட்டும், கொம்பிரசரைக் கிளப்பிவிடும் சின்னச் சாமான். 3500 ரூபாய் கேட்டதும், "இந்தச் சின்னச் சாமானுக்கோ?" என்றார். 1500 வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். சொந்த ஊரில் இந்தத் தொழிலை வைத்துப் பிழைக்க முடியாதா அண்ணா?
- வாசகர், கோண்டாவில்

பதில்: தம்பி, வேலை தொடங்க முதலே மாமி "எவ்வளவு முடியும்?" என்று கேட்டிருப்பார். "பாப்பம் மாமி, பாத்துத் தாங்கோ" என்றிருப்பீர்கள். மரியாதைக்குச் சொல்வதுதான். ஆனால் விலை போடும் பொறுப்பை அவர் தலையில் வைத்துவிட்டீர்கள். அவர் கண்ணுக்குத் தெரிந்தது சாமான் ஒன்றுதான், அதை வைத்து அளந்தார்.

90களில் யுத்தத்தால் கரண்ட் இல்லாமல் சைக்கிள் டைனமோவைச் சுற்றி ரேடியோ கேட்ட ஊர் இது. பற்றரிகூடத் தடைசெய்த பொருள். அப்போது சாமான்தான் பொன். திருத்திய கைக்கு ஒரு தேத்தண்ணி போதும். அந்தக் கணக்கு இன்னும் எங்கள் மனங்களை விட்டுப் போகவில்லை என்றுதான் எனக்குப் படுகிறது. மாமி உங்களை ஏமாற்ற நினைக்கவில்லை.

பின்மூடியைக் கழற்ற முதலே சொல்லிவிடுங்கள்: "பழுதைக் கண்டுபிடிக்க இவ்வளவு. சாமான் விலை வேற. திருத்தாட்டியும் பாத்த காசு தரவேணும்." முதல் நாலைந்து வீட்டில் தொண்டை அடைக்கும். அப்படியும் சொல்லுங்கள்.

அப்புறம், வேலையைக் காட்டுங்கள். அவ்வளவு நேரமும் மாமி கண்டது உங்கள் முதுகைத்தானே. ரிலே போனாலும் கொம்பிரசர் போனாலும் வெளியே கேட்பது ஒரே சத்தம்: கொஞ்ச நேரத்துக்கு ஒருக்கா "டிக்". எது போனது என்று பிரித்தறிவதற்குத்தான் உங்கள் கூலி. அவரைக் கூப்பிட்டு, கழற்றிய ரிலேயைக் காதருகே குலுக்குங்கள். உள்ளே வில்லை உடைந்திருந்தால் கலகலக்கும். கொம்பிரசரின் மூன்று முனைகளிலும் இரண்டிரண்டாக மீற்றரை வைத்து மின்தடையை அளவுங்கள், மூன்று அளவு வரும். சின்ன அளவுகள் இரண்டையும் கூட்டினால் பெரிய அளவு வரவேண்டும். வந்து, புது ரிலேயோடு கொம்பிரசர் ஓடினால், "சுற்றுக் கம்பி நல்லாயிருக்கு மாமி, கொம்பிரசர் மாத்தத் தேவையில்லை" என்று சொல்லுங்கள். கணக்கு விளங்காவிட்டாலும் எவ்வளவு காசு மிஞ்சியது என்று அவருக்கு விளங்கும்.

எல்லாவற்றுக்கும் காசு வாங்கவும் வேண்டாம். எங்கள் கிணற்றுத் தண்ணி சுண்ணாம்புக் கல்லில் ஊறி வருவது. கேத்தல் சுணங்கிக் கொதிக்கிறது என்றால் பெரும்பாலும் அடியில் பிடித்த வெள்ளைப் படைதான். தேசிக்காய்ப் புளி விட்ட தண்ணியைக் கொதிக்கவைத்துக் கழுவச் சொல்லிவிட்டு வாருங்கள். அந்த வீட்டில் பிரிட்ஜ் நின்றால் உங்களைத்தான் தேடுவார்கள்.

சொந்தக்காரருக்குச் சும்மா செய்ய விருப்பமென்றால் முழுதாகச் சும்மா செய்யுங்கள். பாதிக் காசு வாங்கினால் இரண்டு பக்கமும் மனக்குறைதான்.

மாமியிடம் மிச்சக் காசு கேட்டுப் போகாதீர்கள். அந்தப் பக்கம் போகும்போது எட்டிப் பார்த்து, கரண்ட் போய் வந்தால் பிரிட்ஜை ஐந்து நிமிடம் கழித்துப் போடச் சொல்லுங்கள். உள்ளே காஸ் அழுத்தம் சமனாக முதல் கொம்பிரசர் கிளம்பத் திணறும். அந்த நேரத்தில்தான் ரிலே அடி வாங்குகிறது.