உரிமை மன்றம் என்றால் பெற்றோர் ஏன் கோபப்படுகிறார்கள்?

கேள்வி: கோவையில் சமூகப்பணி படித்துவிட்டு, இப்போது கானாவின் மேற்கில் ஒரு கோகோ கிராமத்துப் பள்ளியில் குழந்தை உரிமை மன்றம் நடத்துகிறேன். ஐ.நா. உடன்படிக்கையில் உள்ள உரிமைகளைப் பிள்ளைகள் மடமடவென்று ஒப்பிக்கிறார்கள். ஆனால் தங்கள் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டால் ஒருவரும் வாய் திறப்பதில்லை. போன வாரம் இரண்டு தகப்பன்மார் வந்து, “எங்கள் பிள்ளைகளை எங்களுக்கு எதிராகத் தூண்டிவிடுகிறீர்களா?” என்று சண்டை போட்டார்கள். மன்றத்தைத் தொடரலாமா?

பதில்: தொடருங்கள். ஆனால் அடுத்த வகுப்பைப் பிள்ளைகளோடு வைக்காதீர்கள், பெற்றோரோடு வையுங்கள்.

அந்தத் தகப்பன்மாரின் கோபத்தில் நியாயம் இருக்கிறது. கோகோ ஊர்களுக்கு வெளியிலிருந்து வருகிறவர்கள் பல வருடங்களாகச் சொல்லிவரும் ஒரே செய்தி, “நீங்கள் பிள்ளைகளை வதைக்கிறீர்கள்” என்பதுதான். அவர்களுக்கோ மகனைத் தோட்டத்துக்கு அழைத்துப் போவது தொழில் பழக்குவது. கூலிக்கு ஆள் வைக்கக் கையில் பணமும் இருக்காது. அதிலும் ‘அபுசா’ முறையில் அடுத்தவர் தோட்டத்தைப் பங்குக்குப் பார்த்துக்கொள்பவருக்கு விளைச்சலில் மூன்றில் ஒரு பங்குதான் கிடைக்கும். அவரிடம் போய் “பிள்ளை தோட்டத்துப் பக்கமே வரக்கூடாது” என்றால் அவர் உங்களை நம்பமாட்டார்.

சட்டமும் அப்படிச் சொல்லவில்லை. கானாவின் 1998 குழந்தைகள் சட்டப்படி 13 வயதிலிருந்து இலகுவான வேலை செய்யலாம், 15 வயதில் வேலைக்குப் போகலாம், ஆபத்தான வேலைக்கு 18 வயது ஆகியிருக்க வேண்டும். இதைத் தோட்டத்து மொழியில் சொல்லுங்கள். பெரியவர் உடைத்துக் கொடுத்த காயிலிருந்து ஈர விதையை வழித்து எடுப்பது, புளிக்கவைத்த குவியலை மூட வாழை இலை கொண்டுவருவது, காயும் விதையைப் பாயில் கிளறிவிடுவது எல்லாம் பள்ளி நேரம் போக, வயதுக்கு ஏற்ற அளவில் செய்யலாம். வெட்டுக்கத்தியால் காய் உடைப்பது, மருந்து அடிப்பது, தலையில் பெருஞ்சுமை தூக்குவது, வகுப்பை விட்டுவிட்டுத் தோட்டத்தில் நிற்பது ஆகியவை கூடாது. எது சரி என்பதை முதலில் சொன்னால் எது தவறு என்பதைக் கேட்க ஆள் இருக்கும்.

இன்னொன்றையும் சொல்லுங்கள். குழந்தை உரிமை உடன்படிக்கையை 1990-இல் உலகிலேயே முதலாவதாக ஏற்று உறுதிசெய்த நாடு கானா. இது வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்த சரக்கு என்று நினைப்பவர்களுக்கு அந்தப் பெருமை தெரிய வேண்டும். கூட்டத்தை ஊர்த் தலைவர் வழியாகவும் பள்ளி மேலாண்மைக் குழு வழியாகவும் கூட்டுங்கள். நீங்கள் நேராகக் கூட்டினால் அது மறுபடியும் ஒரு வெளியாள் போடும் கூட்டமாகிவிடும்.

சரி, பிள்ளைகள் பேசாததற்கு வருவோம். சுவரொட்டியைப் பார்த்து ஒப்பிக்கிற இடத்தில் யாரும் மனம்விட்டுப் பேசமாட்டார்கள். வெளியே மண்ணில் போய் உட்காருங்கள். உங்கள் ஆங்கிலத்தை ஓரமாக வைத்துவிட்டு அவர்கள் மொழியில் பேசும் ஓர் ஆசிரியரை நடத்தச் சொல்லுங்கள். ஒரு பையனைப் படுக்கவைத்து அவன் உருவத்தைக் குச்சியால் கோடு போட்டுக்கொள்ளுங்கள். “தோட்டத்தில் எங்கே அடிபட்டதோ அங்கே ஒரு இலை வையுங்கள்.” அவ்வளவுதான் கேள்வி. நான் இதைச் செய்யும் இடங்களில் இலைகள் இடது கையில்தான் குவியும். காயை இடது கையில் பிடித்து, வலது கையால் கத்தியை இறக்குகிறார்கள் அல்லவா? ஒருமுறை பத்து நிமிடம் சும்மா நின்றிருந்த சின்னப் பெண் ஒருத்தி கடைசியில் வந்து கழுத்தில் ஒரு இலை வைத்தாள். ‘கத்தியா?’ என்று யாரோ கேட்டார்கள். “தண்ணீர்” என்றாள். தினமும் காலையில் தலையில் சுமந்து வரும் பாத்திரம். எங்கள் பட்டியலில் அது இல்லவே இல்லை.

அப்புறம்தான் முக்கியமான வேலை. பிள்ளைகள் சொன்னதில் ஒன்றாவது அந்தப் பருவத்துக்குள்ளேயே மாற வேண்டும். இல்லையென்றால் அடுத்த வருடம் இலை வைக்க யாரும் வரமாட்டார்கள். உடன்படிக்கையின் 12-ஆவது பிரிவு குழந்தை கருத்துச் சொல்லலாம் என்பதோடு நிற்பதில்லை. அந்தக் கருத்துக்கு உரிய மதிப்புத் தர வேண்டும் என்கிறது.

ஜெயிக்கக்கூடிய சின்ன விஷயமாகத் தொடங்குங்கள். காய் உடைக்கக் கத்திக்குப் பதில் மரக்கட்டையைப் பயன்படுத்துவது நல்ல தொடக்கம். கட்டையால் அடித்தால் ஓடு விண்டுவிடும், கை வெட்டுப்படாது. கத்தி உள்ளே இறங்கி விதையை வெட்டுவதும் இல்லை, வெட்டுப்பட்ட விதை தரத்தில் அடிபடும். ஆக, தகப்பனுக்கும் லாபம். இதைப் பிள்ளைகளே ஊர்க் கூட்டத்தில் நடித்துக் காட்டட்டும். தங்கள் பிள்ளை ஊருக்கு முன் நின்று புத்தியாகப் பேசுவதைப் பார்க்கும் பெற்றோர், அதன் பிறகு மன்றத்துக்கு எதிரிகளாக இருப்பது அரிது. ஆனால் கட்டை கொடுத்துவிட்டோம் என்று சின்னப் பிள்ளைகளை உடைக்க உட்காரவைக்கக் கூடாது. உடைப்பது பெரியவர்கள் வேலைதான்.

உங்கள் மன்றம் பள்ளிக்குள் நடப்பதால், பள்ளிக்கே வராத பிள்ளைகள் அதில் இல்லை. வடக்கிலிருந்து பிழைக்க வந்து தோட்டத்துக் குடிசைகளில் தங்கியிருக்கும் குடும்பங்களின் பிள்ளைகளைத் தேடிப் போங்கள். மாதத்தில் ஒரு கூட்டத்தையாவது அங்கே வையுங்கள்.

ஓர் எச்சரிக்கை. யார் வீட்டில் யார் வேலை செய்கிறார்கள் என்று பிள்ளைகளை உளவு சொல்ல வைக்காதீர்கள். ஒரு பிள்ளை அடி, பாலியல் தொல்லை போன்றவற்றைச் சொல்லத் தொடங்கினால் வட்டத்தை விட்டுத் தனியே அழைத்துப் பேசுங்கள். யாரிடமும் சொல்லமாட்டேன் என்று வாக்குக் கொடுக்காதீர்கள். மாவட்டச் சமூகநலத் துறை அலுவலரையும், காவல் துறையில் குடும்ப வன்முறைப் பிரிவையும் இப்போதே நேரில் போய்ப் பார்த்து வையுங்கள்.

ஒரு பாரத்தை மட்டும் பிள்ளைகள் தலையில் ஏற்றாதீர்கள். கோகோவில் கொடிய வகைக் குழந்தை உழைப்பை ஒழிப்போம் என்று சாக்லேட் தொழில்துறை கையெழுத்திட்டது 2001-இல். கானாவிலும் ஐவரி கோஸ்டிலும் 2018–19 பருவத்தில் சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆய்வு நிறுவனம் கணக்கெடுத்தபோது, கோகோவில் குழந்தை உழைப்பில் இருந்தவர்கள் சுமார் 15.6 லட்சம் பேர். விவசாயிக்குக் கட்டுப்படியாகும் விலை, ஊருக்குள் தண்ணீர், நடந்து போகும் தூரத்தில் பள்ளி இவற்றைத் தர வேண்டியவர்கள் கம்பெனிகளும் அரசும். “உரிமை தெரிந்துகொண்டாயே, ஏன் இன்னும் தோட்டத்துக்குப் போகிறாய்?” என்று எந்தப் பிள்ளையையும் கேட்டுவிடாதீர்கள்.

அக்டோபரில் பெரிய அறுவடை தொடங்கிவிடும், பிறகு பெற்றோரைப் பிடிக்க முடியாது. அதற்குள் அந்தக் கூட்டத்தை முடித்துவிடுங்கள். கூட்டத்தில் பிள்ளைகள் கேட்டதற்குப் பெரியவர்கள் என்ன பதில் சொன்னார்கள் என்பதை மறுநாளே மன்றத்தில் சொல்லுங்கள். முடியாது என்றால், ஏன் முடியாது என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.