சின்ன காலேஜ்ல சேர்க்கலாமா சார்? – தண்டையார்பேட்டை அம்மாவுக்கு

அம்மா, வணக்கம். சனிக்கிழமை கல்லூரி வழிகாட்டி முகாமில் உங்களுக்குப் பின்னால் இருபது பேர் நின்றுகொண்டிருந்தார்கள். நீங்கள் கேட்டது மூன்று கேள்வி, நான் பதில் சொன்னது ஒன்றரைக்குத்தான் இருக்கும். மீதியை இப்போது எழுதுகிறேன். கொருக்குப்பேட்டையிலிருந்து எண்ணூர் வரை இதே கேள்வியோடு நிறைய பேர் வருவதால் பொதுவிலேயே எழுதுகிறேன். உங்கள் பெயரைப் போடவில்லை.

நீங்கள் சொன்னதை நான் சரியாகத்தான் புரிந்துகொண்டேனா என்று பார்த்துக்கொள்ளுங்கள். பெண் மாநகராட்சிப் பள்ளியில் தமிழ் வழியில் படித்தவள். காமர்ஸ் குரூப், 478 மார்க். சர்ச் நடத்தும் ஒரு சின்ன பெண்கள் கல்லூரியில் பி.ஏ. இங்கிலீஷ் கேட்டிருக்கிறாள், கிடைத்துவிடும் போலிருக்கிறது. உங்கள் தம்பியோ, லோன் போட்டாவது ஓ.எம்.ஆர். பக்கம் ஒரு பெரிய தனியார் பல்கலைக்கழகத்தில் பி.பி.ஏ. சேர்க்கலாம் என்கிறார். "அந்தக் காலேஜ் பேரச் சொன்னா எங்க தெருவுலயே பாதிப் பேருக்குத் தெரியல சார்" என்றீர்கள்.

தெருவுக்குத் தெரியாவிட்டால் போகட்டும். அந்தக் கல்லூரி சென்னைப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. பட்டம் கொடுப்பது 1857-ல் தொடங்கிய அந்தப் பல்கலைக்கழகம். தன்னாட்சி (ஆட்டானமஸ்) இல்லாத இணைப்புக் கல்லூரி என்றால் செமஸ்டர் கேள்வித்தாளும் பல்கலைக்கழகத்திலிருந்துதான் வரும். அதே மாதிரி இணைந்த வேறொரு கல்லூரியில் பெரிய கட்டடத்தில் உட்கார்ந்து எழுதுகிறவளுக்கும் உங்கள் பெண்ணுக்கும் ஒரே தாள்தான். இன்னொன்று, இன்று தாம்பரத்தில் காடு மாதிரி வளாகம் வைத்திருக்கும் கிறித்தவக் கல்லூரியே 1837-ல் நம் ஜார்ஜ் டவுன் பக்கம் ஒரு சின்ன பள்ளிக்கூடமாக ஆரம்பித்ததுதான். தாம்பரம் போனது 1937-ல். நூறு வருடம் நெரிசலில் நடத்திவிட்டுத்தான் போயிருக்கிறார்கள்.

ஆனால் சின்ன கல்லூரி என்பதாலேயே நல்லது என்று நான் சொல்ல மாட்டேன். அங்கே கிடைப்பது ஒன்றே ஒன்று: உங்கள் பெண் ஒளிந்துகொள்ள முடியாது. வகுப்பில் முப்பது நாற்பது பேர் இருந்தால் மூன்றாம் வாரமே டீச்சருக்குப் பெயர் தெரிந்துவிடும். இரண்டு நாள் வரவில்லை என்றால் வீட்டுக்கு போன் வரும். பெரிய இடங்களில் கடைசி பெஞ்சில் மூன்று வருடம் வாயைத் திறக்காமலே பட்டம் வாங்கிக்கொண்டு, இன்டர்வியூ அறையில் முதல்முறையாக வாயைத் திறக்கிற பிள்ளைகளை வாரா வாரம் பார்க்கிறேன்.

எர்ணாவூரிலிருந்து ஒரு பெண் வந்தாள், சில வருடம் முன்பு. தமிழ் வழி, இதே பி.ஏ. இங்கிலீஷ், இதே மாதிரி சின்ன கல்லூரி. முதல் செமஸ்டரில் இரண்டு அரியர். "டி.சி. வாங்கிடலாம்னு இருக்கேன் சார்" என்று வந்து உட்கார்ந்தாள். அந்தத் துறைத் தலைவி ஒரு வேலை செய்தார். தினமும் மதியச் சாப்பாடு முடிந்ததும் பத்து நிமிடம் ஸ்டாஃப் ரூம் வாசலில் நிற்க வைத்து, ஆங்கிலப் பேப்பரில் ஒரு செய்தியைச் சத்தமாகப் படிக்கச் சொன்னார். தப்பாகப் படித்தாலும் நடுவில் திருத்துவதில்லை, கடைசியில் ஒரே ஒரு வார்த்தையை மட்டும் திருத்துவாராம். உள்ளே மற்ற டீச்சர்கள் டிபன் பாக்ஸ் கழுவிக்கொண்டு இருப்பார்கள். முதல் மாதம் அழுதுகொண்டேதான் படித்தேன் என்றாள். அரியரை நாலாவது செமஸ்டரில் முடித்தாள். அப்புறம் பி.எட். படித்தாள், இப்போது ஒரு பள்ளியில் ஆங்கிலம் எடுக்கிறாள். இரண்டாயிரம் பேர் படிக்கிற இடத்தில் அந்தப் பத்து நிமிடத்தை யாரும் ஒதுக்கியிருக்க மாட்டார்கள்.

இங்கே ஒரு எச்சரிக்கை. பி.ஏ. இங்கிலீஷ் என்பது ஸ்போக்கன் இங்கிலீஷ் கிளாஸ் இல்லை. ஷேக்ஸ்பியர், மில்டன், கீட்ஸ், இலக்கிய விமர்சனம், மொழியியல் என்று போகும். 'இங்கிலீஷ் நல்லா பேச வரும்' என்பதற்காக மட்டும் அவள் கேட்கிறாள் என்றால் அதற்கு மூன்று வருடம் தேவையில்லை. அவளுக்குக் கதை படிக்கிற பழக்கம் உண்டா, தமிழில் என்றாலும் சரி? உண்டு என்றால் தைரியமாகச் சேருங்கள். இல்லையென்றால் இன்னொரு முறை அவளோடு உட்கார்ந்து பேசுங்கள். இந்தப் பேச்சில் மாமா வேண்டாம்.

மாமா சொல்வதில் நியாயமே இல்லை என்றும் நான் சொல்லவில்லை. காமர்ஸ் குரூப் பிள்ளைக்கு பி.காம். நம் பகுதியில் நல்ல வழி. துறைமுகம் பக்கத்தில் இருக்கிறது, பாரிமுனை, ராஜாஜி சாலைப் பக்கம் சரக்குக்குச் சுங்க வேலையை முடித்துக் கொடுக்கிற கஸ்டம்ஸ் புரோக்கர் ஆபீஸ்கள் வரிசையாக இருக்கின்றன. அங்கே சுங்கத்துறை கொடுக்கிற 'எச் கார்டு' என்ற அடையாள அட்டை வாங்கி வேலைக்குச் சேர்ந்து, பரீட்சை எழுதி 'ஜி கார்டு', 'எஃப் கார்டு' என்று ஏறியவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள், விசாரித்துப் பாருங்கள். ஆனால் அதற்கு ஓ.எம்.ஆர். வரை போக வேண்டியதில்லை, லட்சக்கணக்கில் கடனும் வேண்டியதில்லை. அந்தச் சின்ன கல்லூரியிலேயே பி.காம். இருக்கிறது. பழைய வண்ணாரப்பேட்டையில் சர் தியாகராய கல்லூரி இருக்கிறது, மெட்ரோ ஸ்டேஷனுக்கே அந்தப் பெயர்தான். பிராட்வேயில் பாரதி மகளிர் கல்லூரி, அரசுக் கல்லூரி, கட்டணம் மிகக் குறைவு. அதற்கும் விண்ணப்பம் போட்டீர்களா என்று அன்றே கேட்க நினைத்து மறந்துவிட்டேன். போடவில்லை என்றால் அடுத்த சுற்றுக்காவது பாருங்கள்.

தண்டையார்பேட்டையிலிருந்து ஓ.எம்.ஆருக்குப் போக ஒன்றரை மணி, திரும்ப இரண்டு மணி. அந்த மூன்றரை மணி நேரத்தை யாரும் கட்டணத்தில் சேர்த்துக் கணக்குப் போடுவதில்லை.

பெரிய கேள்விக்கு வருகிறேன். குரலைத் தாழ்த்திக் கேட்டீர்கள்: "மதம் மாத்திட மாட்டாங்களே சார்?"

இதைக் கேட்பதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. அரசியல் சட்டத்தில் 28-வது பிரிவின் 3-வது உட்பிரிவு இதற்காகவே இருக்கிறது. அரசு அங்கீகாரம் பெற்ற, அல்லது அரசு உதவி வாங்குகிற எந்தக் கல்வி நிலையமும் ஒரு மாணவியை அவள் சம்மதம் இல்லாமல் மத போதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லிக் கட்டாயப்படுத்த முடியாது. வயது பதினெட்டு ஆகவில்லை என்றால் பெற்றோர் சம்மதம் வேண்டும். உங்கள் பெண்ணுக்கு இப்போது பதினேழு. ஆகவே அந்தச் சம்மதம் உங்கள் கையில்.

நடைமுறையில் என்ன நடக்கும்? காலையில் மணி அடித்ததும் அசெம்பிளி, ஐந்து பத்து நிமிடம் ஜெபம், ஒரு பாட்டு. கத்தோலிக்கப் பிள்ளைகள் மறைக்கல்விக்கு, அதாவது அவர்கள் மத வகுப்புக்கு, போகிற அதே நேரத்தில் மற்றவர்களுக்கு அறநெறி வகுப்பு வைக்கிற கல்லூரிகள் பல. டிசம்பரில் கேரல்ஸ், ஜனவரியில் மைதானத்தில் பொங்கல் பானை. பொங்கலுக்குக் கோலம் போடுகிறவர்களில் பாதிப் பேர் கிறித்தவப் பெண்கள்தான் என்பது வேறு விஷயம். வெள்ளிக்கிழமை வடிவுடையம்மன், ஆகஸ்ட் கடைசியில் பெசன்ட் நகர் மாதா என்று போய்வருகிற நம் ஊர்க் குடும்பத்துக்கு இது ஒன்றும் புதிதில்லை. ஆனாலும் சேர்க்கும் முன்பே ஆபீசில் நேராகக் கேளுங்கள்: மற்ற மதப் பிள்ளைகளுக்கு என்ன ஏற்பாடு? மழுப்பாமல் பதில் சொல்கிறார்களா பாருங்கள். மழுப்பினால் யோசியுங்கள்.

இன்னொரு நடைமுறை விஷயம். சிறுபான்மைக் கல்லூரிகள் தங்கள் சமூகப் பிள்ளைகளுக்கு ஒரு பங்கு இடம் ஒதுக்கும். அதனால் உங்கள் பெண் பெயர் முதல் பட்டியலில் வராமல் இரண்டாவதில் வரலாம். பயந்து வேறு எங்கேயும் பணம் கட்டிவிடாதீர்கள்.

மதத்தைவிட நீங்கள் பயப்பட வேண்டிய விஷயம் ஒன்று இருக்கிறது, அதை நீங்கள் கேட்கவே இல்லை: அவளுக்குக் கிடைக்கிற இடம் எய்டடா, செல்ஃப் ஃபைனான்ஸா? ஒரே கட்டடம், ஒரே பாடம், இரண்டு கட்டணம். எய்டட் என்றால் ஆசிரியர் சம்பளத்தை அரசு கொடுக்கிறது, கட்டணம் குறைவு, டீச்சர்கள் வருடக்கணக்கில் இருப்பார்கள். செல்ஃப் ஃபைனான்ஸ் பிரிவில் நிர்வாகமே சம்பளம் கொடுக்கிறது. பல இடங்களில் அது மிகக் குறைவு, கிடைத்த வேலைக்கு டீச்சர்கள் பாதி வருடத்தில் கிளம்பிவிடுகிறார்கள். நான் சேர்த்துவிட்ட ஒரு பெண்ணுக்கு ஒரே வருடத்தில் ஒரே பேப்பருக்கு மூன்று டீச்சர் மாறினார்கள். அந்தக் கல்லூரியை நல்ல கல்லூரி என்று சொல்லி அனுப்பியவனே நான்தான். அதற்குப் பிறகுதான் இந்தக் கேள்வியைக் கேட்கக் கற்றுக்கொண்டேன்: 'இந்த டிபார்ட்மென்டில் மூணு வருஷத்துக்கு மேல் இருக்கிற டீச்சர் எத்தனை பேர்?'

அப்புறம் நூலகம். எல்லோரும் கம்ப்யூட்டர் லேப் ஏ.சி.யைப் பார்த்துவிட்டு வருகிறார்கள். நீங்கள் நூலகத்துக்குப் போய் உங்கள் பெண்ணை விட்டு ஆங்கில இலக்கிய அலமாரியிலிருந்து ஏதாவது நாலு புத்தகத்தை எடுக்கச் சொல்லுங்கள். கடைசிப் பக்கத்தில் தேதி முத்திரை குத்துகிற சீட்டு ஒட்டியிருக்கும். கடைசி முத்திரை போன வருடத்தில் குத்தியதா, பத்து வருடத்துக்கு முன்னால் குத்தியதா? கல்லூரிகளின் தரத்தைப் பார்க்கிற நாக் கமிட்டி கொடுத்த கிரேடையும் பாருங்கள், வேண்டாம் என்று சொல்லவில்லை. நான் முதலில் பார்ப்பது இந்தச் சீட்டைத்தான்.

சின்ன கல்லூரியில் குறையும் உண்டு. கேம்பஸ் இன்டர்வியூ என்று பெரிய கம்பெனிகள் வரிசை கட்டி வராது. பாடப் பிரிவுகள் கொஞ்சம்தான், பிடிக்கவில்லை என்றால் மாறிக்கொள்ள இடமிருக்காது. துப்பட்டா, ஐ.டி. கார்டு, செல்போன் என்று கெடுபிடி இருக்கும், கேட்டை நேரத்துக்குச் சாத்திவிடுவார்கள். எல்லோருக்கும் எல்லோரையும் தெரியும் என்பதால் ஒரு சண்டை வந்தால் மூன்று வருடமும் அதே முகங்கள்தான். உங்கள் பெண் இதைத் தாங்குவாளா என்பது உங்களுக்குத்தான் தெரியும்.

படிப்பு முறையைப் பற்றிக் கேட்டீர்கள். பார்ட் 1 தமிழ், பார்ட் 2 ஆங்கிலம், பார்ட் 3 அவளுடைய முக்கியப் பாடமும் துணைப் பாடமும், பார்ட் 4-ல் சுற்றுச்சூழல், அறக்கல்வி மாதிரி, பார்ட் 5-ல் என்.எஸ்.எஸ். (நாட்டு நலப்பணித் திட்டம்) போன்ற வெளிவேலை. பி.ஏ.வில் முதல் இரண்டு வருடமும் தமிழ் உண்டு, அது அவளுடைய பலம். மதிப்பெண் இன்டர்னல் 25, எக்ஸ்டர்னல் 75, தேர்ச்சி 40. வருகை 75 சதவீதம். என்.எஸ்.எஸ்.ஸில் சேரச் சொல்லுங்கள். இரண்டு வருடத்தில் 240 மணி நேரம், ஏழு நாள் முகாம். வீட்டை விட்டு ஏழு நாள் வெளியில் இருந்தே இராத பிள்ளைக்கு அந்த முகாம் ஒரு செமஸ்டருக்குச் சமம். நீங்கள்தான் 'வேணாம்' என்பீர்கள். சொல்லாதீர்கள்.

வேலைக்கு நான் நம்புவது மதிய நேரத்தை. முதல் ஷிப்ட், அதாவது காலை வகுப்பு, மதியத்தோடு முடிந்துவிடும். முதல் வருடம் அந்த நேரத்தில் டைப்ரைட்டிங், தமிழும் ஆங்கிலமும். இரண்டாம் வருடத்திலிருந்து டி.என்.பி.எஸ்.சி.க்கோ வங்கித் தேர்வுக்கோ கொஞ்சம் கொஞ்சமாக. குரூப் 2-வில் பெரும்பாலான வேலைக்கு எந்தப் பட்டமும் போதும், வங்கி பி.ஓ.வுக்கும் அப்படியே. பட்டத்துக்குப் பிறகு பி.எட்., மூன்று வருட சட்டப்படிப்பு, எழும்பூரில் சமூகப் பணிக் கல்லூரி என்று கதவுகள் இருக்கின்றன. அதையெல்லாம் இரண்டாம் வருடக் கடைசியில் பேசிக்கொள்ளலாம்.

பணம். ஆறாவதிலிருந்து பன்னிரண்டு வரை மாநகராட்சிப் பள்ளி என்பதால் புதுமைப் பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் வரும். சேர்ந்த பிறகு கல்லூரியிலேயே விண்ணப்பிக்க வேண்டும். வங்கிக் கணக்கு அவள் பெயரில் இருக்க வேண்டும், ஆதார் இணைத்திருக்க வேண்டும். சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. மார்க் ஷீட் ஒரிஜினலைச் சரிபார்த்துவிட்டுத் திருப்பித் தர வேண்டும், கல்லூரி வைத்துக்கொள்ளக் கூடாது என்று யு.ஜி.சி. சொல்லியிருக்கிறது. டி.சி. மட்டும் கொடுத்தாக வேண்டும். எல்லாவற்றையும் நாலு செட் ஜெராக்ஸ் எடுத்துக்கொள்ளுங்கள்.

செவ்வாய்க்கிழமை கடையைத் தங்கச்சியிடம் விட்டுவிட்டு வருவேன் என்றீர்களே, பத்தே முக்காலுக்கு இடைவேளை விடுகிற நேரம் பார்த்துப் போங்கள். படிக்கிற பிள்ளைகள் கேன்டீன் பக்கம் நிற்பார்கள், அவர்களிடம் கேட்டால் ஆபீசில் சொல்லாததெல்லாம் தெரியும். துறைத் தலைவியைப் பார்க்க உங்கள் பெண் தனியாகப் போகட்டும், நீங்கள் வெளியே உட்காருங்கள். திரும்பி வந்ததும் 'என்ன சொன்னாங்க' என்று கேட்காதீர்கள், 'நீ என்ன கேட்ட' என்று கேளுங்கள். எண்ணூர் நெடுஞ்சாலையில் கண்டெய்னர் லாரி நிற்கிற நேரம் அது, மெட்ரோவிலேயே போய்விடுங்கள்.