நாய்க்கு வில்லன் வேண்டுமா?

அன்புள்ள ஐயா,

கொழிஞ்சாம்பாறையிலிருந்து எழுதுகிறேன். கோவையில் அனிமேஷன் படிக்கிறேன். கடைசி ஆண்டுக்கு எட்டு நிமிடப் படம் ஒன்று செய்ய வேண்டும். கேரள-தமிழ்நாடு எல்லையில் வேலந்தாவளம் சோதனைச்சாவடியில் திரியும் ஒரு நாய்தான் கதை. சாவடிக்காரர்கள் அதைக் குட்டன் என்பார்கள், எல்லைக்கு இந்தப் பக்க டீக்கடையில் மணி. இரண்டுக்கும் வாலாட்டும்.

வகுப்பில் ஒரு வரைபடம் கொடுத்திருக்கிறார்கள். முதல் நிமிடத்தில் பிரச்சினை, நடுவில் திருப்பம், முக்கால் பங்கில் 'எல்லாம் போயிற்று', பிறகு வெற்றி. அதற்காக நாய் பிடிக்கும் அதிகாரி ஒருவரை வில்லனாகச் சேர்த்தேன். கட்டங்கள் நிரம்பிவிட்டன, கதையில் உயிர் இல்லை. ஜப்பானிய அனிமேஷன் இயக்குநர் மியாசாகி படங்களில் வில்லனே இல்லையே, யாரும் எழுந்து போவதில்லையே? அப்படியென்றால் கட்டமைப்பே தேவையில்லையா?

கே., கொழிஞ்சாம்பாறை

அன்புள்ள தம்பி,

கட்டமைப்பு தேவைதான். அது எப்போது, எப்படி வருகிறது என்பதில்தான் உங்கள் வகுப்பிலிருந்து நான் விலகுகிறேன்.

ஆட்களை வைத்து எடுக்கும் படத்தில் தேவைக்கு மேல் எடுத்துவிட்டு, எடிட்டிங் மேசையில் உட்கார்ந்து கதையைத் தேடலாம். அனிமேஷனில் அந்த வசதி இல்லை. நொடிக்கு 24 ஃப்ரேம், இரண்டு ஃப்ரேமுக்கு ஒரு படம் என்று வைத்தாலும் 12 படம். கையால் வரைந்தால் உங்கள் நாய்க்கு மட்டும் எட்டு நிமிடத்துக்கு 5,760 ஓவியங்கள். அதனால் இங்கே எடிட்டிங் முதலில் வருகிறது. காட்சிகளைக் கிறுக்கலாக வரைந்து சுவரில் குத்தி, வரிசை மாற்றி, படமெடுத்து, தற்காலிகக் குரல் சேர்த்து ரீலாக ஓட்டிப் பார்ப்பது. பிடிக்காததைக் கிழிப்பது, திரும்ப வரைவது. டிஸ்னியில் 1930-களிலேயே இந்தப் பழக்கம் வந்துவிட்டது. அப்படியும் சில தப்பிவிடும். 'ஸ்னோ ஒயிட்' (1937) படத்தில் குள்ளர்கள் சூப் குடிக்கும் காட்சியை ஓவியர் வார்ட் கிம்பல் பென்சிலில் முழுக்க உயிரூட்டி முடித்திருந்தார். நல்ல காட்சிதான், கதை நின்றுவிடுகிறது என்று டிஸ்னி வெட்டிவிட்டார். (கிம்பல் வேலையை விட்டுப் போகும் அளவுக்கு நொந்துபோனார். அடுத்த படத்தில் அவருக்கு ஜிமினி கிரிக்கெட் என்ற பாத்திரம் கிடைத்தது. உங்களுக்கு அந்த ஆறுதல் கிடைக்குமா தெரியாது.)

வரைபடம் ஏன் போதாது என்பதற்கு 'டாய் ஸ்டோரி'யை விட நல்ல சான்று எனக்குத் தெரிந்து இல்லை. படம் வந்தது 1995-இல். 1993 நவம்பரில், அதுவரை தேறிய ரீலை, படத்தைச் செய்த பிக்ஸார் நிறுவனத்தார் டிஸ்னி அதிகாரிகளுக்குப் போட்டுக் காட்டினார்கள். வேலையையே நிறுத்தச் சொல்லிவிட்டார்கள். பிக்ஸார்காரர்கள் அந்த நாளைக் கறுப்பு வெள்ளி என்கிறார்கள். அந்த ரீலில் கதாநாயகப் பொம்மை உட்டி மற்ற பொம்மைகளை அதட்டி மிரட்டுவான். புதிதாக வந்த பஸ் லைட்டியர் என்ற பொம்மையை வேண்டுமென்றே சன்னலுக்கு வெளியே தள்ளிவிடுவான். வெளியான படத்திலும் லைட்டியர் சன்னல் வழியாகத்தான் விழுகிறான். ஆனால் அவனை மேசைக்குப் பின்னால் இடுக்கில் விழவைக்கத்தான் உட்டி நினைத்தான், காரியம் கைமீறிப் போய்விட்டது. உங்கள் வகுப்பு வரைபடத்தில் இரண்டும் ஒரே கட்டத்தில் வந்து உட்காரும். ஒரு உட்டியோடு ஒன்றரை மணி நேரம் நம்மால் இருக்க முடியாது, இன்னொருவனோடு முடிகிறது. அந்த வித்தியாசம் ரீலை ஓட்டிப் பார்த்தவர்களுக்குத்தான் தெரிந்தது.

நம் பக்கத்தில் இதற்கு நேர் எதிரான ஒன்று இருக்கிறது. பகவதி கோயில்களில் தோல் உருவங்களின் நிழலைத் திரையில் ஆட்டிக் கதை சொல்லும் தோல்பாவைக்கூத்து பார்த்திருப்பீர்கள். தாரிகன் என்ற அசுரனோடு சண்டைக்குப் போன பத்ரகாளிக்கு ராம ராவண யுத்தம் பார்க்கக் கிடைக்கவில்லையாம். அவளுக்காக ஆண்டுதோறும் கூத்துமாடத்தில் நடத்துகிறார்கள். பாடுவது கம்பன் பாட்டு. திரைக்குப் பின்னால் 21 விளக்கு, முன்னால் பல இரவுகளில் ஆளே இருக்காது. கூத்து நடத்தும் புலவர் ஒரு பாட்டை எடுத்தால் பொருள் சொல்லி, தானே கேள்வி கேட்டு, மறுத்து, கிளைக்கதைக்குள் போய், சாவகாசமாகத் திரும்பி வருவார். கதை எல்லாருக்கும் தெரியும், அம்மனுக்கும் தெரியும். அடுத்தது என்ன என்ற பதைப்புக்கு அங்கே வேலையே இல்லை. கையில் 21 இரவு இருந்தால் ஒரே பாட்டில் நிற்கலாம்.

நிழல் உருவங்களை வைத்தே முழுநீளப் படம் எடுத்த ஜெர்மன் கலைஞர் லோட்டே ரைனிகருக்கு அந்த அவகாசம் இல்லை. 'இளவரசர் அகமது' படத்துக்காக அட்டையில் கத்தரித்த உருவங்களை ஃப்ரேம் ஃப்ரேமாக நகர்த்தி, 1923-இல் தொடங்கி 1926-இல் முடித்தார். இன்று கிடைக்கும் முழுநீள அனிமேஷன் படங்களில் பழையது அதுதான். அரேபியக் கதைகளை ஐந்து அங்கமாக்கி, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். பறக்கும் குதிரை, சூனியக்காரி என்று ஓடிக்கொண்டே இருக்கும்.

சரி, மியாசாகி. வில்லனே இல்லை என்று பொதுவாகச் சொல்லிவிடாதீர்கள், 'லபுடா'வில் (1986) அசல் வில்லன் இருக்கிறான். 'டொடோரோ'வில் (1988) இல்லை, உண்மை. ஒன்றரை மணி நேரம்கூட இல்லாத படம், ஆனால் நம் புலவரைப் போல ஆற அமர நிற்கிறது. மழையில் பஸ் நிறுத்தத்தில் இரண்டு பிள்ளைகள் அப்பாவுக்காகக் காத்திருக்கிறார்கள், அவ்வளவுதான் காட்சி. அது தாங்குவதற்குக் காரணம், அம்மா ஆஸ்பத்திரியில் இருக்கிறாள் என்பதை அவர் முன்னாலேயே நமக்குள் போட்டுவைத்துவிட்டார். அதைப் பற்றி அதிகம் பேசுவதில்லை. கடைசியில் அம்மா வீட்டுக்கு வருவது தள்ளிப்போகிறது. சின்னவள் மேய் ஒரு சோளக்கதிரைத் தூக்கிக்கொண்டு தனியாக ஆஸ்பத்திரிக்குக் கிளம்பி வழிதவறுகிறாள். அப்போது நமக்கு வரும் பயம் புதிதாக வந்தது இல்லை, முதலிலிருந்தே இருந்ததுதான். இதையும் நான் கட்டமைப்பு என்றுதான் சொல்வேன். வகுப்பு வரைபடத்தில் இதற்குக் கட்டம் கிடையாது.

இன்னொன்றும் கவனித்தேன். உங்கள் நடுத்திருப்பம் அப்படியே நம் ஊர் இடைவேளைக் காட்சி போல இருக்கிறது. எட்டு நிமிடப் படத்துக்கு நடுவில் யாரும் பஃப்ஸ் வாங்கப் போகமாட்டார்கள், எடுத்துவிடுங்கள்.

அதிகாரியையும் எடுத்துவிடுங்கள். அவர் வரும் ஒவ்வொரு நொடிக்கும் அவருக்கும் தனியாக 12 படம் வரைய வேண்டும், அவ்வளவு உழைப்புக்கு அவர் தகுதியில்லை. உங்கள் நாய்க்கு இரண்டு பெயர் இருக்கிறது. ஒரே நேரத்தில் இரண்டு பக்கமும் கூப்பிட்டால் அது என்ன செய்யும்? கடிதத்தில் அதை நீங்கள் கேட்கவே இல்லை. அந்த ஒரு நிமிடத்தை முதலில் கிறுக்கிப் பாருங்கள். அதற்கு முன்னால் என்னென்ன தெரிந்திருக்க வேண்டுமோ அதெல்லாம் தானாக வரிசை கட்டும். டீக்கடையில் அதற்கு யார் பன் போடுகிறார்கள், சாவடியில் மழைக்கு எங்கே ஒதுங்குகிறது என்பதெல்லாம்.

அப்புறம் கிறுக்கல்களைச் செல்போனில் படமெடுத்து, உங்கள் குரலையே போட்டு ஓட்டி, அந்த டீக்கடைக்காரரிடம் காட்டுங்கள். நன்றாக இருக்கிறதா என்று கேட்க வேண்டாம், மரியாதைக்கு ஆமாம் என்றுதான் சொல்வார். எந்த இடத்தில் போனை விட்டுப் பால் பாத்திரத்தைத் திரும்பிப் பார்க்கிறார் என்று மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். அந்த ரீலை எனக்கும் அனுப்புங்கள், ஆசிரியரிடம் கொடுப்பதற்கு முன்னால்.