'கிவ் மீ இட்'டா, 'கிவ் இட் டு மீ'யா? புதிதாக வந்திருக்கும் தம்பிக்கு

தம்பி, ஆங்கிலம் பேசுகிற ஊருக்கு வேலைக்கு வந்த கையோடு நீங்கள் எழுதிக் கேட்டிருப்பது நாலு கேள்வி. வேலை இடத்தில் ஒருத்தர் "கிவ் மீ த ஃபைல்" என்கிறார், இன்னொருத்தர் "கிவ் இட் டு மீ" என்கிறார், சிலர் "கிவ் மீ இட்" என்றும் சொல்கிறார்கள், எதைப் பின்பற்றுவது என்பது முதல் கேள்வி. உச்சரிப்பை மாற்ற வேண்டுமா, பேச்சு வகுப்பில் சேரலாமா, நம் ஆட்களோடேயே தங்கலாமா என்பவை மற்ற மூன்று. அந்த மூன்றுக்கும் பதில் சொல்ல ஆளாளுக்கு வருவார்கள். முதல் கேள்விக்குத்தான் "எப்படிச் சொன்னாலும் புரியும், விடுங்க" என்று சொல்லிவிட்டுப் போவார்கள். எனக்கு அந்தப் பதில் பிடிக்காது, அதனால் அதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

முதலில் நமக்கு ஏன் இது உதைக்கிறது என்று பாருங்கள். "எனக்கு அதைக் கொடு", "அதை எனக்குக் கொடு", "கொடு எனக்கு அதை", எப்படிப் புரட்டிப் போட்டாலும் தமிழில் அர்த்தம் மாறாது. எது போகிறது என்பதை 'ஐ' சொல்லிவிடும், யாருக்குப் போகிறது என்பதைக் 'கு' சொல்லிவிடும். பழைய ஆங்கிலத்திலும் இப்படி வேற்றுமை விகுதிகள் இருந்தன. அவை தேய்ந்துபோய், இன்றைக்குப் பெரும்பாலும் மீ, ஹிம், ஹெர், அஸ், தெம் என்று பெயருக்குப் பதிலாக நிற்கும் ப்ரோநவுனில்தான் கொஞ்சம் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. அதிலும் 'என்னை'க்கும் 'எனக்கு'க்கும் ஒரே 'மீ'தான். ஆக, யாருக்கு எது என்பதைக் காட்ட ஆங்கிலம் பேசுகிறவர்களிடம் மிஞ்சியிருப்பது சொல் நிற்கும் இடமும் 'டு', 'ஃபார்' என்ற இரண்டு குட்டிச் சொற்களும்தான். "தே சென்ட் மீ ஹிம்" என்றால் அவனை என்னிடம் அனுப்பினார்கள், "தே சென்ட் ஹிம் மீ" என்றால் என்னை அவனிடம் அனுப்பினார்கள். இரண்டு சொல் இடம் மாறியதும் யார் யாரிடம் போனார் என்பதே மாறிவிடுகிறது. அதனால்தான் இப்படி இரண்டு பக்கமும் ஆள் வரும்போது அவர்களே பெரும்பாலும் 'டு' போட்டுத்தான் பேசுவார்கள்.

சரி, வழக்கம் என்ன? ஆள் ப்ரோநவுனாகவும் பொருள் பெயர்ச்சொல்லாகவும் இருந்தால் ஆள் முன்னால்: "கிவ் மீ த ஃபைல்", "ஷோ ஹெர் த லெட்டர்". பொருளே 'இட்', 'தெம்' என்று சுருங்கிவிட்டால் அது வினையை ஒட்டிக்கொள்ளும், ஆள் 'டு'வோடு பின்னால் போவார்: "கிவ் இட் டு மீ", "ஷோ தெம் டு த மேனேஜர்". "கிவ் த மேனேஜர் இட்" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள், கேட்கிறவர் முகத்தைப் பார்த்தாலே தெரிந்துவிடும். ஏற்கெனவே தெரிந்த சின்னச் சொல்லை முதலில் சொல்லி, புதிய தகவலையோ நீளமான தகவலையோ கடைசியில் வைப்பதுதான் அவர்கள் காதுக்குப் பழக்கம். 'தட்', 'ஒன்', 'சம்' போன்றவை கடைசியில் அழுத்தி நிற்கும் என்பதால் "கிவ் மீ தட்", "கிவ் மீ ஒன்" எல்லாம் தாராளமாகச் சொல்லலாம். நீங்கள் கேட்ட "கிவ் மீ இட்" பிரிட்டிஷ் பேச்சில் உண்டு, இங்கிலாந்தின் வடக்கே "கிவ் இட் மீ" என்றுகூடச் சொல்வார்கள். கேட்டுப் புரிந்துகொள்ளுங்கள், உங்கள் வாயில் "கிவ் இட் டு மீ"யே இருக்கட்டும். எந்த நாட்டிலும் அதில் யாரும் குறை காண மாட்டார்கள்.

சொல்வதைவிடக் கேட்பது கஷ்டம், அதை யாரும் எச்சரிப்பதில்லை. நான் வந்த புதிதில் ஒரு சரக்குக் கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். மேற்பார்வையாளர் நின்று பேசுகிற ஆளே இல்லை, நடந்துகொண்டே உத்தரவு போடுவார். "கிவிம்", "டெல்லெம்", "பாஸ்ஸர்த லிஸ்ட்" என்றுதான் காதில் விழும். 'ஹிம்', 'ஹெர்' இரண்டிலும் 'ஹ' உதிர்ந்துவிடும், 'தெம்' வெறும் 'எம்' ஆகிவிடும், அழுத்தம் முழுக்கக் கடைசிப் பெயர்ச்சொல்லில். எழுத்தில் பார்த்த ஆங்கிலம் எதுவும் அங்கே இல்லை. பட்டியலை அவனிடம் கொடுப்பதா, அவளிடம் கொடுப்பதா, எல்லோரிடமும் கொடுப்பதா என்பது மூச்சு விடுகிற நேரத்துக்குள் போய்விடும். கூட வேலை பார்த்த வயதான ஒருவர், என் முகத்தைப் பார்த்துவிட்டு, ஒவ்வொரு உத்தரவையும் மெதுவாகப் பிரித்துத் திரும்பச் சொல்வார். இத்தனை வருடத்தில் எனக்கு ஆங்கிலம் சொல்லித்தந்தவர்களில் அவர்தான் முதல் ஆள் என்று இன்றைக்கும் சொல்வேன்.

அந்தக் கிடங்கில்தான் சட்டைப்பையில் ஒரு சின்ன நோட்டு வைத்துக்கொண்டேன். இடது பக்கம் ஆளை நேராகச் சேர்த்துக்கொள்ளும் வினைகள்: கிவ், சென்ட், ஷோ, டெல், லென்ட், டீச், பாஸ், ஹேண்ட், ஆஃபர். வலது பக்கம் ஆளுக்கு முன்னால் 'டு' கேட்கிற வினைகள்: எக்ஸ்ப்ளெயின், டிஸ்க்ரைப், சஜெஸ்ட், மென்ஷன், இன்ட்ரொட்யூஸ், சே. அட்டை கிழிந்து, எண்ணெய்க் கறை படிந்து, இன்னமும் என் மேசை இழுப்பறையில் கிடக்கிறது. வலது பக்கத்தில் பெரும்பாலானவை லத்தீன் வழி வந்த நீளமான சொற்கள் என்பது பின்னால்தான் தெரிந்தது. அது முழு விதி இல்லை, 'ஆஃபர்' லத்தீன் வழி வந்தும் இடது பக்கம்தான். ஆனாலும் புதிதாக ஒரு நீள வினையைப் பார்த்தால் 'டு' போட்டுவிடுவது பாதுகாப்பு.

நம் ஆட்கள் மாட்டிக்கொள்வது இந்த இரண்டு பக்கத்திலும்தான். 'எனக்கு விளக்குங்கள்' என்பதை அப்படியே மனதில் வைத்து "எக்ஸ்ப்ளெயின் மீ" என்பார்கள், "சஜெஸ்ட் மீ" என்பார்கள், வேண்டிய 'டு' காணாமல் போகும். அதே ஆள் 'அவரிடம் சொன்னேன்' என்பதை "ஐ டோல்ட் டு ஹிம்" ஆக்குவார், "ஆஸ்க் டு ஹர்" என்பார், வேண்டாத 'டு' வந்து உட்காரும். 'டெல்', 'ஆஸ்க்' இரண்டும் ஆளை நேராகவே பிடிக்கும் வினைகள். கடிதத்தில் இது சட்டென்று கண்ணில் படும். என்னோடு இருந்த ஒருவர், வேலையில் என்னைவிடக் கெட்டிக்காரர், இதைச் சொன்னால் கோபித்துக்கொள்வார், "அவங்களுக்குப் புரியுதே, அப்புறம் என்ன" என்பார். புரியும்தான். ஆனால் பதவி உயர்வுக்கு ஆள் பார்க்கும்போது வாடிக்கையாளருக்கு எழுதுகிற வேலையை அவருக்குக் கொடுக்க யோசித்தார்கள், அதை நான் பக்கத்தில் இருந்து பார்த்தேன். இன்னொரு வகை இருக்கிறார்கள், இரண்டு வருடம் இருந்துவிட்டுப் புதிதாக வந்தவனை நாலு பேர் முன்னால் திருத்துகிறவர்கள். அவர்கள் பக்கமே போகாதீர்கள். தனியாகக் கூப்பிட்டுச் சொல்கிறவரை விடாதீர்கள்.

பேச்சு வகுப்புகள் மேல் எனக்கு ஒரு நெடுநாள் வருத்தம் உண்டு. பன்னிரண்டு டென்ஸையும் மாதக்கணக்கில் உருப்போட வைக்கிறார்கள், தினமும் வாயில் வருகிற கொடு, அனுப்பு, காட்டு, சொல் ஆகியவற்றுக்குப் பின்னால் என்ன வரிசை என்று ஒரு நாள்கூடச் சொல்வதில்லை. 'ஃபார்' பற்றியும் சொல்வதில்லை. பொருள் கை மாறுகிற வினை என்றால் பெரும்பாலும் 'டு': "சென்ட் இட் டு மீ". ஒருத்தருக்காக வாங்குவது, தேடுவது, செய்வது என்றால் 'ஃபார்': "பை இட் ஃபார் மீ", "ஃபைண்ட் இட் ஃபார் ஹர்". 'காஸ்ட்' வினையில் இரண்டுமே கிடையாது, "இட் காஸ்ட் மீ மை ஜாப்" என்பதைத் திருப்பிப் போட வழியே இல்லை.

'டர்ன் ஆஃப்', 'பிக் அப்', 'ஃபில் இன்' போன்ற இரட்டை வினைகளிலும் இதே ப்ரோநவுன் குணம்தான். பெயர்ச்சொல் என்றால் "டர்ன் ஆஃப் த மெஷின்", "டர்ன் த மெஷின் ஆஃப்" இரண்டும் சரி. ப்ரோநவுன் என்றால் நடுவில்தான்: "டர்ன் இட் ஆஃப்", "பிக் ஹிம் அப்". கிடங்கில் இதை "டர்னிடாஃப்" என்று ஒரே சொல்லாகத்தான் கத்துவார்கள், அப்படியே ஒரே சொல்லாகக் காதில் பதித்துக்கொள்ளுங்கள். 'லுக் ஆஃப்டர்', 'லுக் அட்' வேறு சாதி, அங்கே "லுக் ஆஃப்டர் இட்" என்று பின்னால்தான் வரும்.

உச்சரிப்பை இப்போதைக்கு விடுங்கள், நிதானமாகப் பேசினால் போதும். மற்றதை மற்றவர்கள் சொல்லட்டும். நாளைக்கு மேலாளருக்கு அனுப்பப்போவதாக நீங்கள் எழுதியிருந்த கடிதத்தில் "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் மீ த ப்ராசஸ் அண்ட் சென்ட் மீ இட்" என்று ஒரு வரி இருக்கிறது. அதை "ப்ளீஸ் எக்ஸ்ப்ளெயின் த ப்ராசஸ் டு மீ" என்று முடித்துவிடுங்கள். எழுத்தில் வேண்டும் என்றால் "குட் யூ ஆல்ஸோ சென்ட் மீ த டாக்குமெண்ட்?" என்று தனி வரியாகப் போடுங்கள். 'இட்' என்று விட்டால் எதை அனுப்பச் சொல்கிறீர்கள் என்று அவர் திருப்பிக் கேட்பார்.